பட்டறைக் கதவைத் திறவுங்கள்!

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

'ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது' என்பது நம் முன்னோர் வாக்கு. கல்லூரிப் படிப்பைக் குறை கூறுவோர் எல்லோரும் முதலில் எடுத்து வீசுவது இந்தப் பழமொழியைத்தான். நம் கல்லூரியைப் பொறுத்தவரையில் இது பாதிதான் பொருந்தும். இங்கே ஏட்டுச் சுரைக்காயும் இருக்கிறது, கறிக்கு உதவும் உண்மைச் சுரைக்காயும் இருக்கிறது. இரண்டாவது மட்டும் பூட்டிய அறைக்குள் இருக்கிறது. அந்தப் பூட்டைப் பற்றி என் மனத்தில் பட்டதை ஆண்டு மலரின் வாயிலாகச் சொல்ல விழைகிறேன். சொல்வதில் பிழையிருப்பின் பேராசிரியப் பெருமக்கள் பொறுத்தருள வேண்டுகிறேன்.

பதிவேட்டில் ஒரு வரி

இயற்பியல் துறைக்குப் பின்னால், வேப்ப மரத்தை ஒட்டி, ஓடு வேய்ந்த நீண்ட அறை ஒன்று உண்டு. நாள்தோறும் அதைக் கடந்துதான் உணவு இடைவேளையில் கைகழுவச் செல்கிறோம். கதவின் மேல் 'பட்டறை' என்று எழுதியிருப்பதை நம்மில் எத்தனை பேர் படித்திருப்போம்? பழைய நாற்காலி போட்டுவைக்கும் அறை என்றே முதலாண்டு முழுவதும் நானும் எண்ணியிருந்தேன்.

கடந்த ஆண்டு இருப்புச் சரிபார்ப்பு நாளன்று பொருள்களைத் தூக்கி வைக்க எங்களில் நால்வரைப் பேராசிரியர் அழைத்தார். கதவு திறந்தது. ஒட்டடைக்கும் தூசிக்கும் நடுவே நாலரை அடி லேத் ஒன்று நின்றது. பக்கத்தில் நெட்டுக்குத்தாக ஒரு துளைபோடும் இயந்திரம், ஒரு சாணைக்கல், நான்கு இரும்பு வைஸ்கள் பொருத்திய கனத்த மர மேசை. சுவரில் அரம், சுத்தி, ரம்பம் ஒவ்வொன்றின் உருவத்தையும் கறுப்புச் சாயத்தால் வரைந்து, அதனதன் மேல் அதனதன் கருவியை மாட்டியிருந்தார்கள். இத்தனை ஒழுங்காக ஒரு பட்டறையை வைத்திருந்த மனிதர் யார் என்று வியந்தேன். நான் பள்ளியில் படித்த காலத்திலேயே ஓய்வுபெற்றுவிட்ட துறை மெக்கானிக் ஒருவர் என்றார் பேராசிரியர். அவருக்குப் பின் அந்த இடத்துக்கு எவரும் வரவில்லை. நம் ஆய்வகத்தில் இருக்கும் தாங்கிகள், கப்பிகள், கத்திமுனைகள் பலவும் அவர் கையால் செய்தவையாம். ஐயமிருந்தால் அவற்றைக் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் சிறிய எண் குத்தியிருக்கும். அந்த எண் இருந்தால் அது அந்த அறையில் பிறந்த குழந்தை.

சரிபார்ப்பவர் பதிவேட்டைப் பார்த்துப் படித்தார்: 'லேத், எண்ணிக்கை 1, நல்ல நிலையில்.' ஒரு 'சரி' குறி போட்டார். கதவைப் பூட்டினார்கள். அந்த இயந்திரம் அடுத்த ஆண்டு இன்னொரு 'சரி' குறிக்காகக் காத்திருக்கத் தொடங்கியது.

முறுக்கு ஊசல் கற்பித்த பாடம்

இனி ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ளப் போகிறேன். அதில் எனக்குத் துணை நிற்க வாசகர்களிலும் பலர் இருப்பார்கள் என்ற நம்பிக்கையில்தான் துணிகிறேன்.

முதலாண்டு செய்முறையில் முறுக்கு ஊசல் சோதனை உண்டல்லவா? ஒரு பித்தளைக் கம்பியின் முனையில் தட்டு ஒன்றைத் தொங்கவிட்டு, அதைச் சிறிது முறுக்கி விட்டு, பத்து அலைவுக்கு ஆகும் நேரத்தை அளந்து, கம்பியின் விறைப்புக் குணகத்தைக் காண்பது. எங்கள் மேசையில் இருந்த ஊசலில் கம்பியைக் கவ்விப் பிடிக்கும் சக் தேய்ந்து போயிருந்தது. முறுக்கினால் கம்பி உள்ளே நழுவும். முதல் முறை ஒரு நேரம், இரண்டாம் முறை வேறு நேரம், மூன்றாம் முறை இன்னொரு நேரம். நாங்கள் என்ன செய்தோம்? புத்தகத்தில் பித்தளைக்குக் குணகம் ஏறத்தாழ 3.5 × 10¹⁰ என்று பார்த்தோம். அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டோம். எந்த நேரம் வந்தால் இந்த விடை வருமோ அந்த நேரத்தை எழுதினோம். இயற்கையாகத் தோன்றட்டும் என்று மூன்று அளவீடுகளுக்கும் இடையே சிறு வேறுபாடும் வைத்தோம்! முழு மதிப்பெண் கிடைத்தது. அறிவியல் மாணவன் முதலாண்டிலேயே கற்ற அறிவியல் இதுதான்.

அந்த மதிப்பெண் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. பட்டறையைக் கண்ட பிறகு உறுத்தல் கூடிற்று. தேய்ந்த சக்குக்குப் பதில் புதிதாக ஒன்று கடைந்தால் போதுமே! லேத் இருபது அடி தூரத்தில் நிற்கிறதே! பேராசிரியரிடம் கேட்டேன். அவர் மறுக்கவில்லை; சிறிது வருத்தத்தோடு சிரித்தார். "யார் பொறுப்பில் திறப்பது தம்பி? டூல் ஒன்று உடைந்தால் யார் கணக்கு எழுதுவது? உனக்குக் கையில் காயம் பட்டால் உன் வீட்டுக்கு யார் பதில் சொல்வது?" என்றார். எனக்கு விடை தெரியவில்லை.

என் தந்தை ஒரு டர்னர். பன்னிரண்டு வயதில் கோவை கணபதியில் ஒரு பட்டறையில் எடுபிடியாகச் சேர்ந்து, தொழில் பழகி, இன்று எங்கள் ஊரில் பேருந்து நிலையத்துக்குப் பின்புறம் உள்ள லேத் பட்டறையில் வேலை பார்க்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய இரும்புக் கடையில் 240 ரூபாய்க்குப் பித்தளைத் தண்டு ஒன்றை எடைபோட்டு வாங்கிக்கொண்டு அவரிடம் சென்றேன். குறிப்பேட்டில் வரைந்து வைத்திருந்த படத்தைக் காட்டினேன். நடுவே மெல்லிய துளை, முனையில் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு வெட்டு, மேலே இறுக்க ஒரு நட்.

"துளை எத்தனை?" என்றார்.

"ஒரு மில்லிமீட்டர்."

"ஒரு மில்லின்னா எப்படி கண்ணு? ஒண்ணா, ஒண்ணு பாயிண்ட் பூஜ்யம் அஞ்சா, ஒண்ணு பாயிண்ட் ஒண்ணா? கம்பி உள்ள போய் வரோணுமா, போனா பிடிச்சு நிக்கோணுமா? அதச் சொல்லு மொதல்ல."

நான் வாயடைத்து நின்றேன். விறைப்புக் குணகத்தின் சூத்திரத்தை உறக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன். ஆனால் ஒரு துளை எவ்வளவு இருக்கலாம், எவ்வளவு பிசகலாம் என்ற கேள்வியை எந்தத் தேர்விலும் எவரும் என்னிடம் கேட்டதில்லை. எட்டாம் வகுப்பைத் தாண்டாத என் தந்தை கேட்டார்.

அன்று மாலைவரை அங்கே இருந்தேன். எஃகு சுருள் சுருளாக வரும், பித்தளை பொடியாகத் தெறிக்கும், ஆதலால் கண்ணாடி போட்டுக்கொள்ள வேண்டும் என்று கற்றேன். கம்பியை அவருடைய மைக்ரோமீட்டரில் அளக்கச் சொன்னார். நம் ஆய்வகத்தில் 'திருகு அளவி' என்று நாம் கையாளும் அதே கருவிதான். நான் ஓர் இடத்தில் அளந்துவிட்டு எழுதப் போனேன். அவர் தடுத்தார். "கம்பி எல்லா எடத்துலயும் ஒரே மாதிரி இருக்கும்னு யார் சொன்னா? அஞ்சு எடம் பாரு. திருப்பிப் போட்டும் பாரு." ஐந்து இடத்திலும் பார்த்தேன். மெய்யாகவே வேறுபட்டது.

அந்த நேரத்தில்தான் ஓராண்டாக மனப்பாடமாய்க் கிடந்த சூத்திரம் கண் விழித்தது. அதில் கம்பியின் ஆரம் நான்காம் அடுக்கில் வருகிறது. ஒரு மில்லிமீட்டர் விட்டமுள்ள கம்பியில் திருகு அளவியின் ஒரே ஒரு பிரிவு, அதாவது 0.01 மில்லிமீட்டர் பிசகினால், ஆரத்தில் 1 விழுக்காடு பிழை. விடையிலோ 4 விழுக்காடு! இதைத் தாளில் எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். ஆனால் நூற்றில் ஒரு மில்லிமீட்டர் என்பது எவ்வளவு என்று என் விரல் அறிந்தது அன்றைக்குத்தான். லேத்தின் கைப்பிடியை ஒரு கோடளவு கூடுதலாகத் திருப்பினாலே அது வந்துவிடுகிறது.

புதிய சக்கைப் பேராசிரியரின் இசைவோடு ஊசலில் பொருத்தினோம். மூன்று முறை அளந்ததில் நேரங்கள் ஒன்றோடொன்று ஒத்துவந்தன. விடை மட்டும் புத்தக மதிப்போடு ஒத்துவரவில்லை. சற்றே தள்ளி நின்றது. அதை அப்படியே எழுதி, பிழை எங்கிருந்து வந்திருக்கலாம் என்று கீழே ஒரு பத்தியும் எழுதினேன். பேராசிரியர் நீண்ட நேரம் படித்துவிட்டுக் கையொப்பமிட்டார். என் குறிப்பேட்டில் அதுவே முதல் நேர்மையான பக்கம்.

கதவு திறந்ததால் விளைந்தவை

கல்லூரிக்குள் பட்டறை எதற்கு என்று கேட்போருக்கு வரலாறு நல்ல விடை வைத்திருக்கிறது.

ஜேம்ஸ் வாட் என்ற இளைஞர் இலண்டனில் ஓராண்டு கருவி செய்யப் பழகிவிட்டுக் கிளாஸ்கோ நகருக்கு வந்தார். முழுப் பயிற்சிக் காலத்தையும் முடிக்காதவர் என்று அந்நகரத்துக் கம்மியர் சங்கம் அவர் தொழில் நடத்தத் தடை சொன்னது என்பார்கள். 1757 இல் கிளாஸ்கோ பல்கலைக்கழகம் தன் வளாகத்துக்குள்ளேயே பட்டறை வைத்துக்கொள்ள அவருக்கு இடம் கொடுத்தது. 1763–64 குளிர்காலத்தில், வகுப்பில் பாடம் நடத்தப் பயன்பட்ட நியூகோமன் நீராவிப் பொறியின் சிறிய மாதிரி ஒன்று சரிவர ஓடாமல் அவர் மேசைக்கு வந்தது. பழுது பார்த்தார், ஆனாலும் அது நீராவியை விழுங்கிவிட்டு சில அடி அடித்து நின்றுவிடும். ஏன் என்று தோண்டினார். உருளை ஒவ்வோர் அடிக்கும் சூடாகிக் குளிர்வதில் நீராவி வீணாவதைக் கண்டார். அதே வளாகத்தில் உள்ளுறை வெப்பத்தை ஆராய்ந்துகொண்டிருந்த பேராசிரியர் ஜோசப் பிளாக்கிடம் பேசித் தெளிந்தார். நீராவியைத் தனியே வேறொரு கலத்தில் குளிரவைக்கும் எண்ணம் 1765 இல் பிறந்தது. 1769 இல் அதற்குக் காப்புரிமை பெற்றார்.

எண்ணிப் பாருங்கள் நண்பர்களே! தொழிற்புரட்சியின் பெரும்பொறி, பழுதான ஒரு வகுப்பறைக் கருவியிலிருந்து கிளம்பியது. நம் ஆய்வக அலமாரியிலும் பழுதான கருவிகளுக்குக் குறைவில்லை. பழுது பார்க்கும் இடமும், காரணம் சொல்லும் பேராசிரியரும், தோண்டிக் கேட்கும் இளைஞனும் ஒரே கூரையின்கீழ் இருந்ததுதான் கிளாஸ்கோவின் நற்பேறு.

நம்மவர் கதையும் உண்டு. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சி. வி. இராமன் 1907 இல் கல்கத்தாவுக்குக் கணக்குத் துறை அதிகாரியாகச் சென்றார். அங்கே அறிவியல் வளர்ச்சிக்கென்று 1876 இல் தொடங்கப்பட்ட சங்கம் ஒன்றின் ஆய்வுக்கூடம் போதிய ஆளின்றிக் கிடந்தது. அலுவலகத்துக்கு முன்பும் பின்பும் அங்கே வேலை செய்ய அவருக்கு வழிவிட்டார்கள். 1928 பிப்ரவரி 28 அன்று இராமன் விளைவு வெளிப்பட்டது அந்தக் கூரையின்கீழ்தான். பூட்டு அன்று பிடிவாதமாக இருந்திருந்தால் இந்தியா ஒரு நல்ல கணக்கு அதிகாரியை மட்டும் பெற்றிருக்கும்.

1897 இல் மின்னணுவைக் கண்டறிந்த ஜே. ஜே. தாம்சன் கைவேலையில் தடுமாறுபவர் என்பது புகழ்பெற்ற செய்தி. அவருக்கு வேண்டிய கண்ணாடிக் குழாய்களை ஊதிக் கொடுத்தவர் எபனேசர் எவரெட் என்னும் உதவியாளர். தாம்சன் பெயரை நாம் தேர்வில் எழுதுகிறோம். எவரெட்டின் பெயரை நான் பாடநூலில் படித்ததில்லை. நம் ஆய்வகக் கருவிகளின் அடியில் எண் குத்திய மெக்கானிக்கின் பெயரையும் நாம் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

இவையெல்லாம் பழங்கதை என்பவர்கள் அண்மைக் காலத்தைப் பார்க்கட்டும். புனே அருகே பாபல் என்னும் சிற்றூரில் உள்ள விஞ்ஞான ஆசிரமத்தில் 2002 இல் ஃபேப் லேப் எனப்படும் பட்டறை அமைந்தது. படிப்பை இடையில் நிறுத்திய கிராமத்துப் பிள்ளைகளும் செய்து கற்கும் இடம் அது. சென்னை ஐ.ஐ.டி.யில் மாணவர்களே நடத்தும் புதுமை மையம் 2008 முதல் இருக்கிறது. 2016 முதல் அடல் டிங்கரிங் லேப் திட்டத்தின்கீழ் தேர்ந்தெடுக்கப்பட்ட பள்ளிக்கு 20 இலட்சம் ரூபாய்வரை கொடுத்து, ஆறாம் வகுப்புப் பிள்ளை கையிலேயே கருவிகளைக் கொடுக்கிறார்கள். பொறியியல் கல்லூரியில் எந்தப் பிரிவில் சேர்ந்தாலும் முதலாண்டில் பட்டறைப் பயிற்சி உண்டு. ஐ.டி.ஐ.யில் டர்னர் பிரிவு மாணவனுக்குப் பாடமே லேத்தான். பள்ளிப் பிள்ளைக்கு உண்டு, ஐ.டி.ஐ. மாணவனுக்கு உண்டு, பொறியியல் மாணவனுக்கு உண்டு. இடையில் அரசு கலைக் கல்லூரியின் இயற்பியல் மாணவனுக்கு மட்டும் ஒரு சன்னல் உண்டு, எட்டிப் பார்ப்பதற்கு!

அச்சங்களும் விடைகளும்

பட்டறையைத் திறப்பதற்கு எதிராகச் சொல்லப்படுவன எல்லாம் வெறும் சாக்குகள் என்று நான் கூறமாட்டேன். ஒவ்வொன்றிலும் உண்மை இருக்கிறது.

முதலாவது, ஆபத்து. லேத் விளையாட்டுப் பொருளன்று. என் தந்தையின் இடக்கை மோதிர விரலில் ஒரு கணு இல்லை. இளவயதில் கையுறை போட்டுக்கொண்டே சுழலும் வேலைமீது படிந்த சுருளைக் கையால் தட்டப் போனார். கையுறையைப் பிடித்து இழுத்த இயந்திரம் விரலையும் சேர்த்து இழுத்தது. காக்க வேண்டிய கையுறையே லேத்தில் பகை என்பதை அன்று முதல் அவர் எல்லோருக்கும் சொல்லி வருகிறார். 2011 ஏப்ரலில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில், வேதியியல் ஆய்வகத்துப் பட்டறையில் இரவில் தனியாக வேலை செய்துகொண்டிருந்த இயற்பியல் இறுதியாண்டு மாணவி ஒருவர், கூந்தல் லேத்தில் சிக்கி உயிரிழந்தார். நம்மைப் போன்ற ஒரு மாணவி. படிக்கும்போது நெஞ்சு பதைக்கிறது.

ஆனால் அதன்பின் அந்தப் பல்கலைக்கழகம் தன் பட்டறைகளை இழுத்து மூடிவிடவில்லை. மேற்பார்வையாளர் இருக்கும் வேளையில் மட்டுமே மாணவர் இயந்திரத்தைத் தொடலாம் என்று நேரத்தை வரையறுத்தது. நாம் கற்க வேண்டியதும் அதுதான். சாலையில் விபத்து நேர்கிறது என்பதற்காக நாம் நடக்கும் வழியைத்தான் திருத்துகிறோம்; வீட்டுக்குள்ளேயே இருந்துவிடுவதில்லை.

இங்கே ஒரு சொல் சேர்க்க வேண்டும். என் வகுப்பில் 40 பேரில் 26 பேர் மாணவியர். "பெண் பிள்ளைகளுக்கு இது எதற்கு?" என்று ஆபத்தைக் காட்டி அவர்களை மட்டும் வெளியே நிறுத்திவிடும் வழக்கம் நம்மிடம் உண்டு. துப்பட்டாவைக் கழற்றி மேலங்கி அணிந்து, கூந்தலை முடிந்து தொப்பிக்குள் வைத்துக்கொண்டால் தீரும் ஆபத்து அது. தளர்ந்த சட்டைக் கையும், கழுத்துச் சங்கிலியும், கைக்கயிறும் ஆண்களுக்கும் அதே ஆபத்தைத்தான் தரும்.

இரண்டாவது, கணக்கு. டூல் உடைந்தால், துளையிடும் பிட் முறிந்தால், பதிவேட்டில் குறைவு விழும். தணிக்கையில் கேள்வி வரும். பேராசிரியர்களின் தயக்கத்தில் பெரும்பங்கு இதுவே என நினைக்கிறேன். அவர்களைக் குறை கூற எனக்கு மனமில்லை. ஆனால் சோதனைக் குழாய் உடைந்தால் வேதியியல் துறையில் சேதாரப் பதிவேட்டில் எழுதி முடிக்கிறார்களே! கண்ணாடி உடையும் என்று ஏற்றுக்கொண்ட நாம், இரும்பும் தேயும் என்று ஏன் ஏற்கக்கூடாது? பத்தாண்டுகளாக ஒரு டூலும் உடையவில்லை என்பது அந்த அறையில் ஒன்றும் நடக்கவில்லை என்பதற்கே சான்று.

மூன்றாவது அச்சம் கல்லூரியில் இல்லை. எங்கள் வீடுகளில் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இக்கட்டுரையை எழுதத் தொடங்கினேன்.

சக்கைக் கடைந்து முடித்த அன்று இரவு என் தந்தை சாப்பிடாமல் நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு சொன்னார்: "நான் கையில ஆயிலோட நின்னது போதும் கண்ணு. நீ வெள்ளைச் சட்டையோட நிக்கோணும்னுதான் காலேசுக்கு அனுப்புனேன். நீ திரும்பி அங்கயே வந்து நிக்கறயே." எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அவர் குரலில் இருந்த கலக்கத்துக்கு என்னிடம் உடனே மறுமொழி இல்லை.

எனக்கும் ஒரு வெட்கம் இருந்தது. கல்லூரி விண்ணப்பத்தில் 'தந்தையின் தொழில்' என்ற இடத்தில் நான் 'தனியார் பணி' என்று எழுதியிருக்கிறேன். டர்னர் என்று எழுதக் கை வரவில்லை. இந்த மண்ணில் பல நூற்றாண்டுகளாகக் கை ஒரு சாதி, தலை ஒரு சாதி. எழுதுபவன் மேலே, செய்பவன் கீழே. படிப்பு என்பது கீழேயிருந்து மேலே ஏறும் ஏணி என்றும், ஏறிய பின் கைவேலையை மறந்துவிட வேண்டும் என்றும் எங்களைப் போன்ற முதல் தலைமுறைக்குச் சொல்லாமலே சொல்லித் தந்துவிட்டார்கள். பட்டறையின் பூட்டைப் பார்த்து எவரும் கோபப்படாததற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் தாழ்மையான கருத்து. பூட்டியிருப்பது நாம் விட்டு விலக விரும்பிய உலகம்தானே என்று நாமே எண்ணிக்கொண்டோம்.

சில நாள் கழித்து என் செய்முறைக் குறிப்பேட்டைத் தந்தையிடம் காட்டினேன். ஆரத்தின் நான்காம் அடுக்கை விளக்கினேன். ஒரு தௌ, அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு பிசகினால் விடை எவ்வளவு ஓடிவிடும் என்று அவர் கணக்கிலேயே போட்டுக் காட்டினேன். ஒரு மில்லிமீட்டர் கம்பியில் அது ஏறத்தாழ 10 விழுக்காடு! அவர் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். "இத்தன வருசமா தௌ பாத்துக் கடையறேன், ஏன் பாக்கோணும்னு ஒருத்தனும் சொன்னதில்ல" என்றார். அவர் கைக்குத் தெரிந்தது என் ஏட்டில் இல்லை. என் ஏட்டில் இருந்தது அவர் கைக்கு எட்டவில்லை. அந்த இரவு எங்கள் வீட்டுத் திண்ணையில் இரண்டும் சந்தித்தன. அவை நாள்தோறும் சந்திக்கும் இடமாகக் கல்லூரிப் பட்டறை இருக்கக்கூடாதா?

என்ன செய்யலாம்?

பெருந்தொகையும் புதுக் கட்டடமும் நான் கேட்கவில்லை. இருப்பதைத் திறக்கும் வழிகளையே பணிவுடன் முன்வைக்கிறேன்.

முதற்கண், வாரத்தில் இரண்டு பிற்பகல்கள் மட்டும் பட்டறை திறந்திருக்கட்டும். பொறுப்பாளர் உள்ளே இருந்தால் திறப்பு, வெளியே சென்றால் பூட்டு. தனியாக எவரும், தேர்வு அவசரம் என்றாலும், இயந்திரத்தைத் தொடக்கூடாது.

அடுத்து, பொறுப்பாளராக நம் ஊர் லேத் பட்டறைகளில் அனுபவம் முதிர்ந்த டர்னர் ஒருவரை மதிப்பூதியத்தில் அழைக்கலாம். மெக்கானிக் பணியிடம் நிரப்பப்படும்வரை இது போதும். (என் தந்தைக்காகக் கேட்கிறேன் என்று எவரும் எண்ண வேண்டாம். அவருக்கு ஞாயிறு தவிர ஓய்வில்லை.) வகுப்பறையில் பாடம் சொல்பவரை 'ஐயா' என்று அழைப்பதுபோல் அவரையும் 'ஐயா' என்றே நாம் அழைக்க வேண்டும்.

மூன்றாவதாக, முதல் நாளே எவர் கையிலும் லேத் வேண்டாம். அரமும் வைஸும் கொண்டு ஓர் இரும்புத் துண்டைச் சதுரமாக்கக் கற்கட்டும். பிறகு துளையிடல், அதன்பின் லேத். சக் சாவியைச் சக்கிலேயே விட்டுவிட்டு விசையைப் போடக்கூடாது; ஓடும் வேலையைக் கையால் தொடக்கூடாது; சுருளைக் கொக்கியால் எடுக்க வேண்டும்; கண்ணாடி கட்டாயம், கையுறை கூடாது. இவற்றை நேரில் சொல்லிக் காட்டித் தேறியவர் பெயரைச் சுவரில் எழுதி வைக்கலாம். அதில் இல்லாதவர் மேசை வேலையோடு நிற்கட்டும்.

நான்காவதாக, தொடக்கத்தில் செய்யும் பொருள்கள் நம் ஆய்வகத்துக்கே பயன்படட்டும். தேய்ந்த சக்குகள், ஆடும் தாங்கிகள், தொலைந்த திருகுகள் ஆகியவற்றுக்கு ஒரு பட்டியல் போட்டால் ஓராண்டு வேலை இருக்கிறது. தாவரவியல் துறையின் செடி அழுத்தும் பலகைக்கு மரை தேய்ந்துவிட்டதாக நண்பர்கள் சொல்கிறார்கள். அதுவும் நம் வேலைதான். செய்த பொருளின் அடியில், பழைய மெக்கானிக் செய்ததுபோல், நாமும் ஓர் எண் குத்தி வைப்போம். இறுதியாண்டுச் செயல்திட்டத்தைக் கடையில் வாங்கிய உருப்படியால் ஒப்பேற்றாமல், தானே செய்த ஒரு பகுதியாவது அதில் இருக்க வேண்டும் என்று துறை விதித்தால் இன்னும் நன்று.

இறுதியாக, உடைவுக்கும் தேய்வுக்கும் ஒரு பதிவேடு. எது, எப்போது, எதனால் உடைந்தது என்று உடைத்தவரே எழுதிக் கையொப்பமிடட்டும். தண்டனைக்காக வேண்டாம், அடுத்தவன் கற்பதற்காக.

முதல்வர் அவர்களே! பேராசிரியப் பெருமக்களே! சென்ற மாதம் பெற்றோர் கூட்டத்துக்கு என் தந்தை வந்திருந்தார். நம் கல்லூரிக்குள் அவர் காலெடுத்து வைத்தது அதுதான் முதல் முறை. கூட்டம் முடிந்ததும் அவரைப் பின்பக்கம் அழைத்துச் சென்று சன்னல் வழியாக லேத்தைக் காட்டினேன். கம்பியில் நெற்றியை வைத்து நெடுநேரம் பார்த்தார். "டூல் இன்னும் போஸ்ட்லயே இருக்குது பாரு. டீ குடிக்க எந்திரிச்சுப் போனவர் மாதிரி போயிருக்காரு" என்றார். பிறகு, "ஓடாத மிஷின் சீக்கிரம் கெட்டுப்போகும். வேல செய்யற மிஷின்தான் நாள்பட நிக்கும்" என்றார். என்னைக் கல்லூரிக்கு அனுப்பியது சரிதானா என்ற கலக்கம் அப்போது அவர் முகத்தில் இல்லை.

மாணவத் தோழர்களே! இதை நம்மில் நால்வர் மட்டும் கேட்டால் வேண்டுகோளாக இருக்கும். நாம் அனைவரும் கேட்டால் நடக்கும். அடுத்த இருப்புச் சரிபார்ப்பு வருவதற்குள் அந்தக் கதவு திறக்கட்டும். பதிவேட்டின் அந்த வரியில் 'நல்ல நிலையில்' என்பதற்குப் பக்கத்தில் 'பயன்பாட்டில்' என்ற சொல்லும் ஏறட்டும்.